ஜெயித்துக் காட்டு, பார்க்கலாம்

இந்திய ஆண்கள் கிரிக்கெட் அணி தன் முதல் டெஸ்டை 1932-ல் லார்ட்ஸ் மைதானத்தில் ஆடியது. முதல் வெற்றி கிடைத்தது 1952 பிப்ரவரியில், நம் சேப்பாக்கத்தில். நடுவில் இருபது வருடம். தோற்றார்கள், டிரா செய்தார்கள், மறுபடி தோற்றார்கள். 1936-ல் இங்கிலாந்துக்குப் போன அணிக்குக் கேப்டன், விஜயநகரம் மகாராஜகுமாரர். அவருடைய டெஸ்ட் சராசரி ஒன்பதைத் தொடவில்லை. ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தைப் பாதியில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அந்த இருபது வருடத்தில் எவரும் எழுந்து நின்று, "தம்பிகளா, முதல்ல ஒண்ணு ஜெயிச்சுக் காட்டுங்க, அப்புறம் ஆடுறதைப் பத்திப் பேசலாம்" என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

பெண்கள் 1976-ல் ஆட ஆரம்பித்தார்கள். வெஸ்ட் இண்டீஸ் அணியோடு பெங்களூரில் தொடங்கிய அந்த முதல் தொடரிலேயே, ஒரு மாதம் முடிவதற்குள், பாட்னாவில் ஒரு டெஸ்டை வென்றும் விட்டார்கள். கேப்டன், சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமி. ஆண்களுக்கு இருபது வருடம் பிடித்த வேலையைப் பெண்கள் ஒரு மாதத்துக்குள் முடித்ததைப் பார்த்த நம் கிரிக்கெட் கனவான்கள் தீர ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பெண்களுக்கு இன்னும் திறமை போதாது.

அன்றிலிருந்து அவர்களுக்குச் சொல்லப்படுவது ஒரே வாக்கியம்தான். ஜெயித்துக் காட்டு, பார்க்கலாம்.

இந்த வாக்கியத்தை நம்பி இருபத்து மூன்று வருடம் ஆடிய ஒருவரின் கதையை எடுத்துக்கொள்வோம். மிதாலி ராஜ். தமிழ்க் குடும்பம், அப்பா விமானப்படையில் இருந்தவர், பிறந்தது ஜோத்பூர், வளர்ந்தது ஹைதராபாத்தில். சின்ன வயதில் பரதநாட்டியம் கற்றவர். 1999 ஜூன் 26 அன்று இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் ஊரில் அயர்லாந்துக்கு எதிராக முதல் ஒருநாள் ஆட்டம். வயது பதினாறு. ஆட்டமிழக்காமல் 114. மறுமுனையில் ரேஷ்மா காந்தி. அவருக்கும் அதுதான் முதல் ஆட்டம், அவரும் ஆட்டமிழக்காமல் 104. விக்கெட்டே விழாமல் 258 ரன்.

முதல் ஆட்டத்திலேயே சதம் அடித்த ரேஷ்மா காந்தி அதன்பிறகு எத்தனை ஒருநாள் ஆட்டங்களில் இந்தியாவுக்காக ஆடினார்? ஒன்று. ஆக மொத்தம் இரண்டு. ஒரு ஆண் மட்டையாளர் முதல் ஆட்டத்தில் சதம் அடித்தால், அடுத்த மூன்று வருடம் அவர் முட்டை போட்டாலும் 'அவருக்குள் ஒரு சிங்கம் உறங்குகிறது' என்று எழுதப் பத்திரிகைகள் உண்டு, சொல்ல வர்ணனையாளர்கள் உண்டு. பெண்ணுக்குள் சிங்கம் உறங்க இடமில்லை. இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

மிதாலி நிலைத்தார். 2002 ஆகஸ்டில் டான்டன் மைதானத்தில், தன் மூன்றாவது டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக 214. அப்போது பெண்கள் டெஸ்டில் அதுதான் உலக சாதனை. வயது பத்தொன்பது. 2005-ல் அவர் தலைமையில் அணி உலகக் கோப்பை இறுதிப்போட்டி வரை போய், தென்னாப்பிரிக்காவில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. அந்தத் தொடரில் ஒரு ஆட்டத்துக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்தது என்று மிதாலியே பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் ஆட, ஆயிரம் ரூபாய். கல்யாண வீட்டில் மொய் எழுதுபவர்கூட நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று ஒரு ரூபாயாவது சேர்த்து வைப்பார்.

அப்போது அவர்களை நடத்தியது பெண்களுக்கென்று தனியாக இருந்த சங்கம். 1973-ல் தொடங்கியது. காசில்லாத சங்கம். முன்பதிவில்லாத ரயில் பெட்டியில், கழிப்பறைப் பக்கத்தில் கிட்களை அடுக்கி வைத்து ஊர் ஊராகப் போனதையும், தங்கும் கூடத்தில் தரையில் படுத்ததையும் அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். வேலை கொடுத்தது ரயில்வே. இந்தியப் பெண்கள் கிரிக்கெட்டுக்கு உண்மையான புரவலர் யார் என்று கேட்டால் ரயில்வே என்றுதான் சொல்ல வேண்டும்: உட்கார இடம் கொடுக்காவிட்டாலும் சம்பளம் கொடுத்தது.

இவ்வளவும் நடக்கும்போது இந்தியக் கிரிக்கெட் வாரியம் என்ன செய்துகொண்டிருந்தது? ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் பெண்கள் அமைப்பைத் தன்னோடு இணைத்துக்கொண்ட பிறகு, 2006-ல் வாரியமும் வேறு வழியில்லாமல் பெண்களை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. இனிமேல் நல்ல காலம் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த நல்ல காலம் எப்படி இருந்தது என்பதற்கு மிதாலியின் டெஸ்ட் கணக்கைப் பார்த்தாலே போதும்.

அவர் ஆடிய டெஸ்ட்கள் மொத்தம் 12. 1999-லிருந்து 2022 வரை நீண்ட வாழ்க்கையில் பன்னிரண்டு. ஏறக்குறைய அதே நீளம் ஆடிய சச்சின் டெண்டுல்கர் ஆடியது 200. சரி, சச்சினோடு ஒப்பிட வேண்டாம், தெய்வ குற்றம் ஆகிவிடும். அந்தப் பன்னிரண்டையே பிரித்துப் பார்ப்போம். காசில்லாத சங்கத்தின் நாட்களில், 2002-லிருந்து 2006-க்குள் ஆடியவை 8. உலகத்திலேயே பணக்கார வாரியம் ஏற்றுக்கொண்ட பிறகு, அடுத்த பதினாறு வருடத்தில், 4. முன்பதிவில்லாத பெட்டியில் போனபோது இரண்டு மடங்கு டெஸ்ட். பிசினஸ் கிளாஸ் வந்த பிறகு அதில் பாதி.

தோற்றதால் நிறுத்தினார்கள் என்றால்கூட ஒரு நியாயம் இருக்கும். 2006 ஆகஸ்டில் டான்டனில் இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே வென்று தொடரைக் கைப்பற்றினார்கள். வாரியம் மகிழ்ந்து எட்டு வருடம் டெஸ்ட் இல்லாமல் செய்தது. 2014-ல் வார்ம்ஸ்லியில், எட்டு பேர் முதல் டெஸ்ட் ஆடிய அணியை வைத்துக்கொண்டு இங்கிலாந்தை மறுபடி வென்றார்கள். அதே வருடம் நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் நசுக்கினார்கள். அடுத்தடுத்து மூன்று டெஸ்ட், மூன்றும் வெற்றி. பரிசு? ஆறரை வருடம் டெஸ்டே கிடையாது. 2021 ஜூனில்தான் அடுத்தது. பிரிஸ்டலில், ஏற்கெனவே வேறொரு ஆட்டத்துக்குப் பயன்படுத்திய பழைய ஆடுகளத்தில். அதற்கு இங்கிலாந்து வாரியமாவது மன்னிப்புக் கேட்டது. ஆறரை வருடத்துக்கு யார் கேட்பது?

அந்த மைசூர் டெஸ்டில் ஒருவர் 192 அடித்தார். சென்னைப் பெண், எம்.டி. திருஷ் காமினி. உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண்ணும் அவர்தான், 2013-ல். அவர் ஆடிய டெஸ்ட்கள் மொத்தம் இரண்டு. இரண்டாவது டெஸ்டில் 192 அடித்த ஒருவருக்கு மூன்றாவது டெஸ்ட் வரவே இல்லை. அவரை அணியிலிருந்து நீக்கியது பிறகுதான். அதற்கு முன்பே டெஸ்டையே நீக்கிவிட்டார்கள். தேர்வுக் குழுவுக்கு எவ்வளவு வேலை மிச்சம்! இன்று தெருவில் போகிற கிரிக்கெட் பித்தர் யாரையாவது நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். 2001 கொல்கத்தாவில் லட்சுமண் அடித்த 281-ஐ எந்த ஓவரில் எந்தப் பந்து எந்தப் பக்கம் என்று ஒப்பிப்பார். காமினியின் 192-ஐச் சொன்னால், "எந்த காமினி?" என்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. யாரும் காட்டாத ஆட்டத்தை அவர் எப்படிப் பார்ப்பார்?

காமினி அந்த உலகக் கோப்பைச் சதத்தை அடித்தது மும்பை பிரபோர்ன் மைதானத்தில். வான்கடேயிலும் நடக்க வேண்டிய தொடர் அது. ஆனால் மும்பை ஆண்கள் ரஞ்சிக் கோப்பை இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டார்கள். உள்ளூர் ஆண்கள் ஒரு பக்கம், உலகத்துப் பெண்கள் மறுபக்கம். யாருக்கு மைதானம் என்று யோசிக்க ஒரு நிமிடம்கூடப் பிடித்திருக்காது. உலகக் கோப்பையை, வாசலில் வந்து நிற்கும் கொரியர் பையனிடம் 'கொஞ்சம் அந்தப் பக்கமா நில்லுப்பா' என்பதுபோல நகர்த்தினார்கள். பாகிஸ்தான் அணியைக் கட்டாக்குக்கு அனுப்பினார்கள். அங்கே அந்தப் பெண்கள் தங்கியது ஓட்டலில் இல்லை, மைதானத்தின் கிளப் ஹவுஸில். விருந்தோம்பலுக்குப் பேர்போன நாடு.

2011-ல் வாரியத் தலைவராக வந்தவர், தன்னால் முடிந்தால் பெண்கள் கிரிக்கெட்டையே நடக்க விடமாட்டேன் என்று தன் முகத்துக்கு நேரே சொன்னதாக முன்னாள் கேப்டன் டயானா எடுல்ஜி 2017-ல் பகிரங்கமாகச் சொன்னார். அது உண்மையாக இருந்தால், அந்தத் தலைவரிடம் எனக்குக் கொஞ்சம் மரியாதையே உண்டு. மனசில் பட்டதை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவர். மற்றவர்கள் எல்லாம் மேடையில் ஒன்று சொன்னார்கள், அட்டவணையில் வேறொன்று எழுதினார்கள்.

இனி சட்டைக்கும் சமோசாவுக்கும் வருவோம். இரண்டுக்கும் சாட்சி சாதாரண ஆள் இல்லை. உச்ச நீதிமன்றம் 2017-ல் வாரியத்தை நிர்வகிக்க நியமித்த குழுவின் தலைவர், முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வினோத் ராய். 2022-ல் அவர் சொன்னது: ஆண்கள் அணியின் சீருடைகளை வெட்டி, திருப்பித் தைத்துப் பெண்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்ததும் தானே நைக் நிறுவனத்துக்குப் போன் செய்து, பெண்களுக்குத் தனி அளவில் சீருடை வேண்டும் என்று சொன்னாராம்.

அண்ணன் சட்டையைச் சின்னதாக்கித் தம்பிக்குப் போடுவது நம் வீடுகளில் நடப்பதுதான். அதில் ஒரு வெட்கமும் இல்லை, வீட்டில் காசில்லை. இங்கே வீட்டில் காசு இல்லையா? ஐபிஎல் ஒளிபரப்பு உரிமையைப் பல்லாயிரம் கோடிக்கு விற்றுக்கொண்டிருந்த வீடு அது. கத்தரிக்கோல் எடுத்து விராட் அளவை வெட்டி வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் அளவுக்குக் கொண்டுவர, அந்த வாரியத்தில் ஒருவர் உட்கார்ந்து உத்தரவு போட்டிருக்க வேண்டும். கோப்பு ஒன்று நகர்ந்திருக்கும். கையெழுத்து ஒன்று விழுந்திருக்கும். எத்தனை சட்டை வெட்டலாம், தையல் கூலி எவ்வளவு, மிஞ்சிய துணி எங்கே என்று எந்தத் தணிக்கையாளர் கேட்டார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. மார்பில் 'இந்தியா' என்று எழுதியிருக்கிறதே, அது நடுவில் வெட்டுப்படாமல் பார்த்துக்கொண்டார்களா?

சமோசா இன்னும் சுவையானது. 2017 ஜூலை 20, டெர்பி. உலகக் கோப்பை அரையிறுதி, எதிரே ஆஸ்திரேலியா. ஹர்மன்பிரீத் கவுர் 115 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 171 அடித்தார். பெண்கள் கிரிக்கெட்டைப் பார்க்க மாட்டேன் என்று சபதம் எடுத்தவர்களையும் டிவி முன்னால் உட்கார வைத்த ஆட்டம். வினோத் ராயே அதன்பிறகுதான் பெண்கள் கிரிக்கெட்டைக் கவனிக்க ஆரம்பித்ததாக ஒப்புக்கொண்டார். அவரிடம் ஹர்மன்பிரீத் சொன்னாராம்: காலில் தசைப்பிடிப்பு, ஓட முடியவில்லை, அதனால்தான் சிக்ஸராக அடித்தேன் என்று. அன்று காலையில் அவர்கள் எதிர்பார்த்த உணவு ஓட்டலில் கிடைக்கவில்லை. காலைச் சாப்பாடு, சமோசா.

உலகக் கோப்பை அரையிறுதிக்குப் போகும் இந்திய அணிக்குச் சமோசா. ஆண்கள் அணிக்குச் சமையல்காரர், உணவியல் நிபுணர், எந்த ஊரில் எந்த எண்ணெய் என்று பார்க்க ஒரு ஆள். இவர்களுக்கு ஓட்டல் கிச்சனில் என்ன மிச்சமோ அது. இதைக் கேட்ட ஒரு நிர்வாகி, "பாருங்கள், சமோசா சாப்பிட்டே 171 அடிக்கிறார்கள், இவர்களுக்கு எதற்கு டயட்டீஷியன்?" என்று குறிப்பு எழுதியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். சிக்கனம் என்றால் இப்படித்தான் தொடங்கும்.

அந்த உலகக் கோப்பைக்கு முன்பு நடந்த விருந்தில் ஒரு நிருபர் மிதாலியிடம், உங்களுக்குப் பிடித்த ஆண் கிரிக்கெட் வீரர் யார் என்று கேட்டார். ஆண் வீரர்களிடம் போய், உங்களுக்குப் பிடித்த பெண் கிரிக்கெட்டர் யார் என்று கேட்பீர்களா என்று மிதாலி திருப்பிக் கேட்டார். நாடே கைதட்டியது. ஆனால் அந்தக் கேள்வி தன் வேலையை விட்டுவிடவில்லை. சமீபத்தில் ஒரு டீக்கடையில் கேட்டது: "ஸ்மிருதி நல்லாத்தான் ஆடுது சார், லேடி கங்குலி." ஆண்டவா! இடது கை, கவர் பக்கம் ஒரு டிரைவ், உடனே ஒரு ஆணின் பேரைத் தூக்கி அவள் தலையில் கட்டிவிட வேண்டும். கங்குலியை யாராவது 'ஜென்டில்மேன் ஸ்மிருதி' என்று கூப்பிட்டுப் பார்க்கட்டும்.

சில ஆட்களுக்கு வேறொரு வாதம்: "வேகம் பத்தல சார், போர் அடிக்குது." 1975 உலகக் கோப்பையில் 174 பந்து ஆடி 36 எடுத்த சுனில் கவாஸ்கரை இதே ஆட்கள்தான் லிட்டில் மாஸ்டர் என்று கும்பிடுகிறார்கள். கும்பிடட்டும், அவர் பெரிய ஆட்டக்காரர்தான். ஒரு மோசமான நாளை மன்னிக்கும் பெரிய மனசு ஆண்களுக்காக மட்டும் திறப்பது ஏன் என்பதுதான் கேள்வி.

2018 டி20 உலகக் கோப்பை அரையிறுதியில், அந்தத் தொடரில் இரண்டு அரைசதம் அடித்திருந்த மிதாலியை உட்கார வைத்து அணி தோற்றது. அவர் வாரியத்துக்கு எழுதிய கடிதம் சில நாளில் ஊர் முழுக்கப் பறந்தது. வாரிய அலுவலகத்தில் பெண்களின் கடிதத்துக்கு மட்டும் ஒரு தனி வேகம் உண்டு. பணத்துக்கு அந்த வேகம் கிடையாது. 2020 மார்ச்சில் டி20 உலகக் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்து 5 லட்சம் டாலர் ஜெயித்தார்கள். மெல்போர்னில் 86,174 பேர் பார்த்த இறுதிப்போட்டி. ஒரு வருடம் தாண்டி, 2021 மே மாதம் ஒரு இங்கிலாந்துப் பத்திரிகை அம்பலப்படுத்தும் வரை அந்தப் பணம் ஆட்டக்காரர்கள் கைக்கு வரவில்லை. செய்தி வந்ததும் 'இந்த வாரமே வந்துவிடும்' என்றார்கள். அத்தனை மாதம் எங்கே இருந்தது என்று கேட்பது நாகரிகம் இல்லை.

இப்போது சமத்துவம். 2022 அக்டோபரில் வாரியம் மேளதாளத்தோடு அறிவித்தது: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஆட்டக் கட்டணம். டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாளுக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். நல்ல விஷயம், கைதட்டத்தான் வேண்டும். கைதட்டிவிட்டு அட்டவணையைப் புரட்டினால், பெண்கள் அடுத்த டெஸ்ட் ஆட ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. 2023-ல் இரண்டு, 2024-ல் ஒன்று, 2025-ல் பூஜ்யம். 2025-ல் ஆண்கள் இங்கிலாந்தில் மட்டுமே ஐந்து டெஸ்ட் ஆடினார்கள். ஐந்து பதினைந்து எழுபத்தைந்து லட்சம். பூஜ்யம் பதினைந்து பூஜ்யம். கட்டணம் சமம்தான், வாய்ப்பாட்டில் தப்பே இல்லை.

ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடைப்பது வருட ஒப்பந்தத் தொகை. அதில் சமத்துவம் நுழையவில்லை, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிவிட்டது. பெண்களுக்கு முதல்முதலாக ஒப்பந்தம் கொடுத்ததே 2015-ல்தான். உச்சத் தரத்துக்கு 15 லட்சம். 2018-லிருந்து ஆண்களின் உச்சத் தரம் 7 கோடி, பெண்களின் உச்சத் தரம் 50 லட்சம். பதினான்கு மடங்கு. ஆண்களின் கடைசித் தரமே 1 கோடி. 2025 பட்டியல் வரை இந்தக் கணக்கு மாறவில்லை. அதாவது எப்போதாவது அணிக்குள் எட்டிப்பார்க்கும் ஒரு ஆண், ஹர்மன்பிரீத்தைவிட இரண்டு மடங்கு பெரிய ஆட்டக்காரர்.

"பெண்கள் ஆட்டத்துக்கு வருமானம் இல்லையே, எங்கிருந்து கொடுப்பது?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கான பதிலை வாரியமே தன் கையால் எழுதிக்கொடுத்தது. ஐபிஎல் 2008-ல் வந்தது. பெண்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் போதுமான ஆட்டக்காரர்கள் இல்லை, இன்னும் ஆழம் வேண்டும் என்றார்கள். ஆழம் பார்க்கவே பதினைந்து வருடம் ஆனது. 2023-ல் ஏலம் விட்டார்கள். ஐந்து அணிகள் விற்ற தொகை 4,669.99 கோடி. ஒளிபரப்பு உரிமை 951 கோடி. அடித்தளமே இல்லை என்று சொன்ன கிணற்றிலிருந்து ஒரே மாதத்தில் இவ்வளவு தண்ணீர்! மிதாலி அதற்கு முந்தைய வருடமே ஓய்வு பெற்றுவிட்டார்: 232 ஒருநாள் ஆட்டம், 7,805 ரன், சராசரி ஐம்பதுக்கு மேல். அவர் ஆடிய காலம் முழுக்க இந்தச் சந்தை தூங்கிக்கொண்டிருக்கவில்லை, எழுப்பாமல் வைத்திருந்தார்கள்.

அந்த ஐந்து அணிகளில் சென்னை இல்லை. மஞ்சள் சட்டைக்காக உயிரையும் கொடுப்போம் என்று முழங்கும் ஊரில் பெண்களுக்கு ஒரு சட்டை இல்லை. மதுரைப் பெண் கமலினியை, பதினாறு வயதில், 1.60 கோடிக்கு மும்பை வாங்கிக்கொண்டு போனது. 2024-ல் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 603 அடித்து டிக்ளேர் செய்தார்கள்; பெண்கள் டெஸ்டில் ஒரு அணி எடுத்த அதிகபட்ச ரன். ஷஃபாலி 205, ஸ்மிருதி 149, பந்துவீச்சில் ஸ்னேஹ் ராணா பத்து விக்கெட். அடுத்த வருடம் இந்தியாவில் நடந்த உலகக் கோப்பையில் சேப்பாக்கத்துக்கு ஒரு ஆட்டம்கூட இல்லை. அறிவார்ந்த ரசிகர்கள் என்று வர்ணனையாளர்கள் நம்மைப் புகழும்போது, அந்த அறிவை எங்கே வைத்திருக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை, சும்மா சொன்னேன்.

அந்த உலகக் கோப்பையின் நடுவே, 2025 அக்டோபரில் இந்தூரில் இரண்டு ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்கள் ஓட்டலிலிருந்து நடந்து போகும்போது ஒருவன் பின்தொடர்ந்து வந்து அத்துமீறினான். அந்த மாநிலத்து அமைச்சர் ஒருவர், இதில் ஆட்டக்காரர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது, வெளியே போகும்முன் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும் என்றார். உலக சாம்பியன் நாட்டிலிருந்து ஆட வந்த பெண்களுக்குப் பாடம்! மந்திரிகளிடம் பாடம் படிக்கத்தான் அவர்கள் அத்தனை தூரம் விமானம் ஏறி வந்தார்கள் போலும். கையை நீட்டியவனுக்கு என்ன பாடம் என்று அவர் விளக்கவில்லை.

பிறகு அது நடந்தது. அரையிறுதியில் ஆஸ்திரேலியா கொடுத்த 339 என்ற இலக்கை ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127 அடித்து எட்ட வைத்தார். ஆட்டம் முடிந்து அழுதுகொண்டே இயேசுவுக்கு நன்றி சொன்னார். அதற்காக ஒரு கூட்டம் அவரைக் கடித்துக் குதறியது. ஆண்கள் அணியில் சதம் அடித்துவிட்டு வானத்தைப் பார்ப்பவர்கள் எல்லாம் வானிலை பார்க்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். நவம்பர் 2, நவி மும்பை. தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று உலகக் கோப்பை. ஷஃபாலி 87, தீப்தி சர்மா அரைசதமும் ஐந்து விக்கெட்டும். கோப்பையை மிதாலி, ஜூலன், அஞ்சும் சோப்ரா கைகளில் கொடுத்து அழ வைத்தார்கள் அந்தப் பெண்கள். அன்றைய இரவில் முறையாக நடந்த ஒரே மரியாதை அது. யோசனை ஆட்டக்காரர்களுடையது.

ஜெயித்துக் காட்டச் சொன்னீர்களே, காட்டிவிட்டார்கள். இப்போது பார்க்கலாமா?

பார்த்தார்கள். வாரியம் 51 கோடி பரிசு அறிவித்தது. பெரிய தொகைதான். 2024-ல் ஆண்கள் டி20 உலகக் கோப்பையை வென்றபோது கொடுத்தது 125 கோடி. 2025 மார்ச்சில் ஆண்கள் சாம்பியன்ஸ் டிராபி வென்றபோது 58 கோடி. ஆக, எட்டு அணி ஆடும் சாம்பியன்ஸ் டிராபியைவிட, இந்தியப் பெண்கள் முதன்முறையாக வென்ற உலகக் கோப்பை ஏழு கோடி மட்டம். சர்வதேசக் கவுன்சில்கூட 2023 ஆண்கள் உலகக் கோப்பை வெற்றியாளருக்குக் கொடுத்ததைவிட அதிகமாக, 44.8 லட்சம் டாலர், இந்தப் பெண்களுக்குக் கொடுத்தது. வீட்டுக்காரருக்குத்தான் மனசு வரவில்லை.

மறுநாள் காலையிலிருந்து எல்லா வாயிலும் ஒரே சொல்: 'நாட்டின் மகள்கள்.' அமைச்சர் சொன்னார், நடிகர் சொன்னார், சிமெண்ட் கம்பெனி விளம்பரம் சொன்னது. ஆண்கள் ஜெயித்தால் சிங்கம், புலி, ராஜா. பெண்கள் ஜெயித்தால் மகள். சரி, மகளாகவே இருக்கட்டும். மகளுக்குப் பூர்விகச் சொத்தில் மகனுக்குச் சமமாகப் பாகம் உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது, மிதாலி ஆயிரம் ரூபாய்க்கு உலகக் கோப்பை இறுதிப்போட்டி ஆடிய அதே வருடம். மகனுக்கு 125, மகளுக்கு 51 என்று பாகம் பிரித்தால் மகள் கோர்ட்டுக்குப் போய்ச் சமபாகம் கேட்கலாம்.

மிச்சம் 74 கோடி எங்கே, ஐயா?